பெரிய பையில் வைத்த மாத்திரை

அடுத்த மாதம் என் சம்பந்தியம்மாவும் அவர் வீட்டுக்காரரும் கப்பலில் போகிறார்கள். என் மகன் போளூரில் விதைக்கடை வைத்திருக்கிறான். மக்காச்சோள விதை நிறைய விற்றுக் கொடுத்த கடைக்காரர்களுக்குக் கம்பெனிக்காரர்கள் கப்பல் பயணம் தருவார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு அவனுக்கு வந்த பயணத்தில் நானும் என் நாத்தனாரும் போனோம். மறுபடி இப்போது வந்திருக்கிறது. தான் கப்பல் பக்கமே போகமாட்டேன் என்று சொல்லி அதை மாமனார் மாமியாருக்குக் கொடுத்துவிட்டான்.

போன வாரம் சம்பந்தியம்மா புளி வாங்க நான் இருக்கிற மலைக்கு வந்தபோது என்னைக் கேட்டார்.

"நீங்க போய்ட்டு வந்தவங்களாச்சே. இன்னா இன்னா எடுத்துக்கணும், அங்க எப்டி இருந்துக்கணும், கொஞ்சம் சொல்லுங்க."

"நல்லா இருக்கும், போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

எனக்கு ஆட்கள் எதிரில் பேச வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்பு வரை படித்ததால் எழுத வரும். அதனால் எழுதித் தருகிறேன். இது விதைக் கம்பெனி கொடுத்த நோட்டு, அட்டையில் மக்காச்சோளக் கதிர் போட்டது. இனிச் சொல்வதெல்லாம் சம்பந்தியம்மாவுக்கு. யார் படித்தாலும் சரிதான்.

முதலில் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். நான் கல்யாணமாகி வந்தபோதே அவர் தாலி அறுத்துப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தார். பிறகு என் வீட்டுக்காரரும் போய்விட்டார். மகன் கீழே போளூருக்குப் போய்விட்டான். மலையில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். நாற்பது வருடத்துக்கு மேல்.

அண்ணிக்கு எழுத்து தெரியாது, ஆனால் வாய் உண்டு. பஸ்காரரிடம், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும் எனக்கும் சேர்த்து அவர்தான் பேசுவார். "எங்கூட்டுப் பொண்ணு வாயத் தொறக்காது, நான் கேக்கறேன்" என்பார். நான் அவர் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

அவருக்கு வலிப்பு இருந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மாத்திரை. மாத்திரை என் பொறுப்பு. "படிச்சவ நீ, நீயே வெச்சிக்கோ" என்று முதல் நாளிலேயே கொடுத்துவிட்டார். அட்டையில் எழுதியிருப்பது இங்கிலீஷ். எனக்கு அந்த எழுத்து தெரியாது. நிறத்தைப் பார்த்துக் கொடுப்பேன். வருடக்கணக்காகத் தப்பாமல் கொடுத்தேன். ஆறு வருடமாக அவருக்கு வலிப்பு வரவில்லை.

எங்கள் ஊரில் வலிப்பு வந்தால் கையில் இரும்பு வைப்பார்கள். சாவிக்கொத்து, கரண்டி, எது கிடைக்கிறதோ அது. அண்ணிக்குச் சாமை அறுக்கிற சின்னக் கருக்கரிவாள் ஒன்று இருந்தது. படுக்கும்போது தலைமாட்டில் அது இருக்கும். வலிப்பு நின்று ஆறு வருடம் ஆனதற்கு மாத்திரை பாதி, அரிவாள் பாதி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கப்பலுக்கு மகனும் மருமகளும்தான் போவதாக இருந்தது. மருமகளுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் அவ்வளவு மாதம் ஆனவர்களைக் கப்பலில் ஏற்றமாட்டார்களாம். அவளை விட்டுவிட்டு அவனும் போக மனசில்லை. நீங்கள் இரண்டு பேரும் போங்கள் என்றான். நான் வேண்டாம் என்றேன். அண்ணி என்னைப் பேச விடவில்லை.

"எந்த ஊருக்குடா போவுது?"

"எந்த ஊருக்கும் போவாது அத்த. மெட்ராஸ்ல ஏறணும், கடலுக்குள்ள ரெண்டு ராத்திரி சுத்திட்டு அங்கியே கொண்டாந்து வுட்ருவான்."

"எங்கியும் போவாத வண்டிக்கு டிக்கெட்டு போட்டுக்கீறானே, அவன் இல்லடா வியாபாரி. போவலாம்மே. நாம இன்னா நாத்து நடவா நிறுத்தி வெச்சிக்கீறோம்?"

மகன் போனில் விவரமெல்லாம் போட்டான். ஆதார் கேட்டது, போட்டோ கேட்டது. பிறகு நோய் ஏதாவது உண்டா என்று கேட்டது. வலிப்பு என்று போட்டால் ஏற்றாமல் விட்டுவிடுவார்கள் என்று பயந்து, இல்லை என்று அமுக்கிவிட்டான். நானும் பக்கத்தில் இருந்தேன். சம்பந்தியம்மா, அதில் உண்மையைப் போடச் சொல்லுங்கள். உங்கள் சர்க்கரையைப் போடுங்கள். வீட்டுக்காரருடைய நெஞ்சுவலியைப் போடுங்கள். அப்படிப் போட்டால் டாக்டர் சீட்டு ஒன்று கேட்பார்கள், அவ்வளவுதான் என்று பின்னால் தெரிந்தது.

இனி பையைப் பற்றி. கப்பலுக்கு இரண்டு பை வேண்டும். பெரிய பையைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். ரூம் நம்பர் போட்ட சீட்டை அதில் கட்டி எடுத்துப் போய்விடுவார்கள். சாயங்காலம்தான் ரூம் வாசலுக்கு வரும். அதுவரைக்கும் கையில் இருக்கிற சின்னப் பைதான் உங்களுக்கு. மாத்திரை, ஆதார், கண்ணாடி, ஒரு மாற்றுச் சேலை எல்லாம் சின்னப் பையில் இருக்க வேண்டும். ரூம் குளிரூட்டியது, மலையில் மார்கழி மாதம் போல இருக்கும். ஒரு கம்பளியும் அதிலேயே வையுங்கள்.

நான் மாத்திரையை முதலில் சின்னப் பையில்தான் வைத்தேன். கிளம்புகிறதுக்கு முன்தினம் அண்ணி கருக்கரிவாளைப் பரண்மேல் போடச் சொன்னார்.

"கடல்ல இன்னாத்த அறுக்கப் போறோம்? வுடு."

நான் விடவில்லை. அவருக்குத் தெரியாமல் பழைய புடவைத் துணியில் சுற்றினேன். கைப்பையைச் சோதிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் பெரிய பையின் அடியில், சேலைகளுக்குக் கீழே வைத்தேன். வைத்துவிட்டு, அண்ணிக்கு வேண்டிய இரண்டும் ஒரே இடத்தில் இருக்கட்டும், அவசரத்துக்குத் தேடவேண்டாம் என்று மாத்திரை டப்பாவையும் எடுத்து அரிவாள் பக்கத்திலேயே வைத்தேன். பெரிய பையையும் ஸ்கேன் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

இதை இன்று வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. இதைவிடப் பெரியது ஒன்றும் இருக்கிறது. அது பின்னால் வருகிறது.

போளூரிலிருந்து வேனில் போனோம். கண்ணமங்கலத்தில் உரக்கடை வைத்திருப்பவர் ஒருவர் தன் வீட்டம்மாவோடு ஏறினார். மகனுக்குப் பழக்கமானவர். "உங்கம்மாவ நான் பாத்துக்கறேன்" என்று மகனிடம் சொல்லியிருந்தார். காலை மாத்திரையை மகன் வீட்டிலேயே கொடுத்துவிட்டு, டப்பாவைத் திரும்ப அடியில் வைத்துப் பையைக் கட்டினேன்.

துறைமுகத்தில் ஒரு ஆள் எங்கள் பெரிய பையை வாங்கிச் சீட்டுக் கட்டினார். அண்ணி அவரை விடவில்லை.

"இன்னாப்பா, வாங்கிக்கினு போற. திரும்பிக் குடுப்பியா?"

"சாய்ங்காலம் ரூம் வாசல்ல இருக்கும் ஆயா."

"ஆயான்றான் பாரு. பையி வரலன்னா உன் வூட்டுக்குத்தான் வருவேன் சாப்பாட்டுக்கு."

அந்த ஆள் சிரித்தார். நானும் சிரித்தேன்.

கப்பல் பக்கத்தில் போய் நின்றபோது அண்ணி கழுத்தைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். "ஒரு ஊரையே தண்ணில வுட்டுக்கீறானுங்க. பத்து மாடி இருக்கும் போல" என்றார். ஆதாரைக் காட்டியதும் ஆளுக்கு ஒரு கார்டு கொடுத்தார்கள். அதுதான் ரூம் சாவி. ரூமுக்குள்ளே சுவரில் ஒரு சந்தில் அதைச் சொருகினால்தான் லைட் எரியும். தொலைத்துவிடாதீர்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடா கேட்டால் தருவார்கள்.

எங்கள் ரூம் உள்பக்கத்து ரூம், ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் விடிந்ததா இருட்டியதா தெரியாது. ஜன்னல் உள்ள ரூம் கிடைக்குமா என்று உங்கள் மருமகனைக் கேட்கச் சொல்லுங்கள். நடுக்கப்பலில், கீழ் மாடியில் இருக்கிற ரூமில் ஆட்டம் குறைவு. கதவெல்லாம் ஒரே மாதிரி, கம்பளமும் ஒரே மாதிரி. எங்கள் கதவுப் பிடியில் ஒரு சிவப்புத் துணித் துண்டைக் கட்டி வைத்தேன். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "பொங்கல் வெச்சிட வேண்டியதுதான்" என்றார்.

கிளம்புகிறதுக்கு முன்பு எல்லாரையும் ஒரு இடத்துக்கு வரச்சொல்லி, கப்பல் முழுகினால் என்ன செய்ய வேண்டும் என்று காட்டினார்கள். மிதக்கிற சட்டையை எப்படிப் போடுவது என்று ஒரு பெண் காட்டியது. வேடிக்கை என்று நினைக்காமல் பாருங்கள். அண்ணி முன்வரிசையில் நின்று பார்த்தார்.

சாயங்காலம் நடையில் சக்கரச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கதவு முன்னாலும் பை வைத்துக்கொண்டு போனார்கள். எதிர் ரூமுக்கு இரண்டு பை வந்தது, பக்கத்து ரூமுக்கு மூன்று வந்தது. எங்களுக்கு வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ரூமில் இருந்த போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் இங்கிலீஷ் பேசுவார்கள் என்று பயம். அண்ணி குளியலறையில் இருந்தார். அடித்து அடித்து நின்றுபோனது. நின்ற பிறகு போனில் ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது. அதன் மேல் துண்டைப் போட்டு மூடினேன்.

அப்புறம் கதவுக்குக் கீழே ஒரு தாள் உள்ளே வந்தது. எடுத்துப் பார்த்தேன். முழுக்க இங்கிலீஷ். எங்கள் ரூம் நம்பர் மட்டும் புரிந்தது.

அண்ணி தலை துவட்டிக்கொண்டே வந்தார்.

"இன்னாமே எயிதிக்குது?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். நாற்பது வருடமாக அந்த வீட்டில் நான் படித்தவள். அவர் பேசுவார், நான் படிப்பேன், அப்படித்தான் பிழைத்தோம். என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"சாப்பாட்டு நேரம் போட்டிருக்குது அண்ணி" என்றேன்.

"எத்தினி மணிக்காம்?"

"எட்டு மணிக்கு."

"பையி எங்க? சாய்ங்கால மாத்திர போடணுமே."

"பை லேட்டா வருமாம். அதையும் எயிதிக்குது."

"நான் வோணா போயி கேட்டுட்டு வரட்டா? அந்தத் தாள குடு, காட்டறேன்."

"வேணாம் அண்ணி. அதான் எயிதிக்குதே."

அவர் சரி என்று தலையாட்டினார். நான் படித்துச் சொன்னதை அவர் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். கேட்கப் போனால் அவர் வாயாலேயே எல்லாம் சரியாகியிருக்கும். அவர் போகாமல் நான் நிறுத்தினேன்.

எட்டு மணிக்குச் சாப்பிடப் போனோம். சாப்பாடு எந்நேரமும் கிடைக்கும், ராத்திரிக்கும் கிடைக்கும். கண்டதையெல்லாம் எடுக்காதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சாதம், ரசம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் காட்டுவார்கள். வயிறு நிறையத் தின்றவர்கள்தான் வாந்தி எடுத்தார்கள். எலுமிச்சம்பழமும் சுக்கும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கு ஆட்டம் ஒன்றும் செய்யவில்லை. சிவப்பாக ஏதோ ஒரு இனிப்பை இரண்டு தரம் வாங்கித் தின்றார். "இதுக்கே இன்னொரு தபா வரலாம்" என்றார்.

கண்ணமங்கலத்துக்காரரைக் கேட்கலாம் என்று அவர்கள் ரூம் வரை போனேன். அவர் கம்பெனிக் கூட்டத்துக்குப் போயிருந்தார். உள்ளே அவர் வீட்டம்மா வாந்தி எடுக்கிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன். மகனுக்குப் போன் செய்யலாம் என்றால் டவர் போய்விட்டது. கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் போய்விடும். பேசவேண்டியதை ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

காலையில் மேல்தளத்துக்குப் போனோம். நீங்களும் போங்கள், சூரியன் வருவதற்கு முன்பே போங்கள். வெயில் ஏறினால் உட்கார முடியாது, தரை சுடும். நான்கு பக்கமும் தண்ணீர்தான், வேறொன்றும் இல்லை. அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இவ்ளோ தண்ணி. நம்ம ஒரு காணிக்கு ஆவாது பாரேன்" என்றார்.

பிறகு அவரே, "பையி வந்துச்சா பாத்தியா?" என்றார். "வாயெல்லாம் ஒரு மாதிரி கசக்குது."

வலிப்பு வருவதற்கு முன்னால் அவருக்கு வாய் கசக்கும். அது எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்பு கடைசியாக வந்தபோதும் அதைத்தான் சொன்னார்.

"இங்கியே உக்காருங்க அண்ணி. எங்கியும் போவாதீங்க. நான் போய் வாங்கிட்டு வர்றேன்."

"நீயா?" என்றார். சிரித்தார். "போ போ. கப்பலு முழுகாம இருந்தா சரி."

அவரை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு இறங்கினேன். கீழே ஒரு நீளமான மேசைக்குப் பின்னால் ஆட்கள் நின்று எல்லாருக்கும் பதில் சொல்வார்கள். அங்கே வரிசை இருந்தது. எனக்கு முன்னால் மூன்று பேர். என்ன பேசவேண்டும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பை வரல. மாத்திரை அதுல கீது. இரண்டே வரி. என் முறை வந்தது. அந்தப் பெண் ஏதோ கேட்டது, அது இந்தியோ இங்கிலீஷோ தெரியவில்லை. என் வாய் திறக்கவில்லை. ரவிக்கைக்குள் இருந்த தாளை எடுத்துக் கொடுத்திருந்தாலே போதும். அவ்வளவு பேர் நடுவில் ரவிக்கைக்குள் கைவிட வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். பின்னால் ஒருவர் அவசரப்பட்டார். நான் ஒதுங்கி அவருக்கு வழிவிட்டேன்.

ஒதுங்கிப் போய் ஒரு தூண் மறைவில் தாளைக் கையில் எடுத்தேன். மறுபடியும் வரிசையில் கடைசியாக நின்றேன். அப்போது ஒரு பெண் பேசுகிற சத்தம் மேலே ஒலிபெருக்கியில் வந்தது. வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு பேர் மருந்துப் பெட்டி தூக்கிக்கொண்டு படியில் ஓடினார்கள். அவர்கள் எங்கே ஓடுகிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நான் போனபோது அண்ணி தரையில் கிடந்தார். நாற்காலி ஒரு பக்கம் கிடந்தது. கை கால் இழுத்துக்கொண்டிருந்தது. நாற்காலியிலிருந்து சாய்ந்தபோது கம்பியின் அடியில் இருந்த இரும்பு விளிம்பில் தலை பட்டிருக்கிறது. காதுக்குப் பின்னால் ரத்தம்.

"இரும்பு குடுங்க, யாராச்சும் இரும்பு குடுங்க" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. சுற்றி நின்றவர்களுக்குப் புரியவில்லை. அந்தக் கப்பல் முழுக்க இரும்பு. என் கையில் எடுக்கத்தான் ஒன்றும் இல்லை.

ஓடி வந்தவர்களில் தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருத்தி இருந்தாள். தெற்குப் பக்கத்துப் பேச்சு.

"கையில ஒண்ணும் வைக்காதீங்கம்மா. தள்ளுங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும்" என்று அண்ணியைத் திருப்பினாள். அதை நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பதையெல்லாம் நகர்த்த வேண்டும், வாயிலும் கையிலும் எதையும் திணிக்கக் கூடாது.

கப்பலுக்குள்ளேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கிறது. கீழ்மாடியில். ஏறின உடனே அது எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கொண்டுபோய் ஊசி போட்டார்கள். இழுப்பு நின்றது. டாக்டர் கேட்டதையெல்லாம் நர்ஸ் எனக்குத் தமிழில் கேட்டாள்.

"எவ்வளவு நாளா வலிப்பு?"

சொன்னேன்.

"நோய் எதுவும் இல்லைன்னு எழுதியிருக்கே?"

அண்ணியின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

"என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"வெள்ளையா, நீட்டமா இருக்கும்" என்றேன். "பையில கீது. பை வரல."

சம்பந்தியம்மா, உங்கள் மாத்திரைப் பேரையெல்லாம் ஒரு சீட்டில் எழுதிச் சின்னப் பையில் வையுங்கள். நிறத்தைச் சொன்னால் டாக்டருக்குத் தெரியாது.

"பை ஏன் வரலை? தகவல் ஒண்ணும் சொல்லலையா?"

கையில் கசங்கிப் போயிருந்த தாளைக் கொடுத்தேன். நர்ஸ் அதைப் பிரித்து, டாக்டருக்கு இங்கிலீஷில் ஒன்று சொல்லிவிட்டு எனக்குத் தமிழில் படித்தாள். உங்கள் பையில் கூர்மையான பொருள் ஒன்று இருப்பதால் பாதுகாப்பு அறையில் வைத்திருக்கிறோம். நேரில் வந்து அந்தப் பொருளைக் கொடுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொள்ளலாம். எந்த நேரமும் வரலாம். போன் செய்தோம், நீங்கள் எடுக்கவில்லை.

"நேத்து சாயங்காலமே குடுத்திருக்காங்களேம்மா" என்றாள்.

அப்போதுதான் கட்டிலைப் பார்த்தேன். அண்ணி கண்ணைத் திறந்திருந்தார். எவ்வளவு நேரமாகத் திறந்திருந்தார் என்று தெரியாது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாக்குத் தடித்துப் போய் வார்த்தை மெதுவாக வந்தது.

"சாப்பாட்டு நேரமாமே அது?"

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன கேக்கறாங்க என்றாள். நான் அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் கேலியாகச் சொன்னாரா, கோபமாகச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. உதட்டு ஓரத்தில் ஏதோ இருந்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

பையைக் கொண்டு வந்தார்கள். அரிவாளை அங்கேயே எடுத்து வைத்துவிட்டு மாத்திரையைக் கொடுத்தார்கள். மாத்திரை விழுங்குகிற நிலையில் அண்ணி இல்லை. மத்தியானத்துக்கு மேல் மறுபடி இழுப்பு வந்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. தலைக்குள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம், கரைக்குப் போனால்தான் பார்க்க முடியும் என்றார் டாக்டர். கப்பலைத் திருப்பிவிட்டோம் என்றும் சொன்னார். அவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடலில் கரை என்பது பக்கத்து ஊர் மாதிரி இல்லை. மலையிலிருந்து போளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைத்தான் நான் தூரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கப்பல் போய்ச் சேர மறுநாள் விடியற்காலை ஆனது.

மேலே பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் பாட்டைக் கேட்கத்தானே வந்தார்கள்.

இறங்குகிற இடத்தில் ஆம்புலன்ஸ் நின்றது. அண்ணியை ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். கண்ணமங்கலத்துக்காரரும் பக்கத்தில் இருந்தார். பிளாஸ்டிக் உறையில் கருக்கரிவாள் இருந்தது, எங்கள் ரூம் நம்பர் எழுதிய சீட்டு அதில் கட்டியிருந்தது.

"இது உங்களுதா?"

"எதுக்கும்மா அருவால எடுத்தாந்தீங்க?" என்றார் கண்ணமங்கலத்துக்காரர். "அத்தைக்குத் தெரியாதா இதெல்லாம் எடுத்தாரக் கூடாதுன்னு?"

அண்ணிதான் எடுத்து வந்தார் என்று அவர் நினைத்துக்கொண்டார். எதையும் செய்கிறவர் அண்ணி, நான் பின்னால் நிற்கிறவள். நான் திருத்தவில்லை. நோட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அவர் அதையே என் மகனிடம் சொன்னார். மகனும் அதையே நம்பினான். "அத்த பிடிவாதம் தெரியாதா" என்றான். ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். நாலாம் நாள் காலையில் போய்விட்டார். மலைக்குக் கொண்டு வந்து எங்கள் நிலத்து ஓரத்தில் அவர் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தோம். வந்தவர்கள் எல்லாரும், கடலைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்று சொன்னார்கள். என்னைத் தேற்றத்தான் சொன்னார்கள். தலையாட்டினேன்.

அரிவாள் பெட்டியில் இருக்கிறது. சீட்டைக்கூட அவிழ்க்கவில்லை. அந்தத் தாளையும் வைத்திருக்கிறேன். அதன் பின்பக்கத்தில்தான் இப்போது உங்களுக்காக எழுதி வைக்கிறேன், நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டித் தருகிறேன்: ரூம் நம்பர் போட்ட தாள் எது வந்தாலும் உடனே யாரிடமாவது காட்டிவிடுங்கள். உங்களுக்கும் இங்கிலீஷ் தெரியாது, உங்கள் வீட்டுக்காரருக்கும் தெரியாது. போன் அடித்தால் எடுத்துத் தமிழிலேயே பேசுங்கள். தமிழ் தெரிந்த ஆள் அங்கே நிச்சயம் இருப்பார். புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள். அவர்கள் சிரிக்கமாட்டார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

சர்க்கரை மாத்திரையைக் கையில் வையுங்கள். இதைத்தான் அன்றைக்கே அடுப்பு முன்னால் நின்று சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மகன் மேலே வருவான். இந்த நோட்டை அவனிடம்தான் கொடுத்தனுப்ப வேண்டும், வேறு ஆள் இல்லை. கீழே இறங்குகிற வழியில் எங்காவது வண்டியை நிறுத்திப் பிரித்துப் படிப்பான், அவன் சுபாவம் அது. அரிவாளை எடுத்து வைத்தது யார் என்றும், தாளில் எழுதியிருந்தது என்ன என்றும் அப்போது அவனுக்குத் தெரிந்துபோகும். அவன் அத்தையைப் பிடிவாதக்காரி என்று இனிச் சொல்லமாட்டான்.